"உடை: பிளாக் டை" என்று அழைப்பிதழ் வந்திருக்கிறது, கையில் 25 நாள். வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

கடைசிபெஞ்ச்

எல்லோருக்கும் வணக்கம். மனைவிக்கு அவருடைய துறைச் சங்கம் ஒரு விருது தருகிறது. ராத்திரி விருந்தோடு சேர்ந்த விழா. அழைப்பிதழின் அடியில் சின்ன எழுத்தில் "உடை: பிளாக் டை" என்று போட்டிருந்தார்கள். கறுப்பு டை ஒன்று கட்டிக்கொண்டு போனால் போதும் என்று சொன்னேன். மனைவி சிரித்த சிரிப்பிலேயே விஷயம் அதுவல்ல என்று புரிந்துவிட்டது.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு சூட். கருநீலம், பல வருடத்துக்கு முன் ஒரு நேர்காணலுக்காகத் தைத்தது. இப்போது பொத்தான் போட்டால் மூச்சு விட முடியாது. மனைவி ஏற்கெனவே ஒரு கவுனைப் பார்த்து வைத்திருக்கிறார். நான்தான் திண்டாடுகிறேன். ஒரே ராத்திரிக்காகப் புதிதாக வாங்க வேண்டுமா? வாடகைக்கு எடுக்கலாமா? அந்தப் பழைய சூட்டைப் பிரித்துத் தைத்தால் ஒப்பேறுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊசிமுனை

தையல் மேசைக்குப் பின்னால் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பழைய சூட்டை மறந்துவிடுங்கள். இடுப்புக்குத் துணி விட்டிருந்தால் கொஞ்சம் தளர்த்தலாம். ஆனால் மூச்சு முட்டுகிறது என்றால் தோளும் மார்பும் சேர்ந்தே மாறியிருக்கும்.

பிளாக் டை என்பது டையின் நிறம் மட்டும் அல்ல, ஒரு முழு உடைக்கான பெயர். கறுப்பு அல்லது அடர் நள்ளிரவு நீலத்தில் கோட். அதன் மார்பு மடிப்பில் பட்டோ சாட்டினோ வைத்திருப்பார்கள். பேண்ட்டின் பக்கவாட்டில் அதே துணியில் ஒற்றைப் பட்டி ஓடும், பெல்ட் மாட்டும் வளையம் இருக்காது. உள்ளே வெள்ளைச் சட்டை, கை மடிப்பில் பொத்தானுக்குப் பதில் மாட்டும் கஃப்லிங்க், கழுத்தில் பூ முடிச்சாகக் கட்டும் கறுப்பு போ டை, காலில் மின்னுகிற கறுப்பு ஷூ. அழைப்பிதழில் "பிளாக் டை விருப்பம்போல்" என்ற பொருளில் ஏதாவது இருந்தால் மட்டும் நல்ல அடர் நிற சூட்டோடு போகலாம். மறுபடி ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

அப்புறம் 25 நாள் போதும், ஆனால் தள்ளிப் போட நேரமில்லை. முதல் வாரத்திலேயே உடை கையில் இருக்க வேண்டும். ஒரு தடவை அளவு பார்த்து, தைத்து, மறுபடி போட்டுப் பார்த்துத் திருத்தவே இரண்டு வாரம் ஓடிவிடும்.

சிக்கனசிகாமணி

வாடகைதான் தம்பி, யோசிக்கவே வேண்டாம். வருடத்துக்கு ஒரு தடவைகூடப் போடாத கோட்டை வாங்கி அலமாரியில் பூச்சிக்குச் சாப்பாடு போடுவானேன்? கோட், பேண்ட், சட்டை, டை, ஷூ எல்லாம் ஒரே பையில் வரும். மறுநாள் திருப்பிக் கொடுத்தால் துவைக்கிற வேலைகூட இல்லை.

ஊசிமுனை

சிகாமணி அண்ணே, நீங்கள் சொல்வதைப் பாதிதான் ஏற்க முடியும். வாடகைக் கோட்டுக்கு இன்னாருடைய தோள் என்று கிடையாது. யாருக்கு வேண்டுமானாலும் பொருந்த வேண்டும் என்று அளவை நடுவாகத்தான் வைத்திருப்பார்கள். கை நீளத்தையும் பேண்ட் உயரத்தையும் மட்டும் சரி பண்ணிக் கொடுப்பார்கள், தோளைத் தொட மாட்டார்கள். பலமுறை டிரை கிளீனிங் போனதில் மார்புப் பக்கம் உள்ளே ஒட்டியிருக்கும் துணி பிரிந்து, மேலே சின்னச் சின்னக் கொப்பளம் மாதிரி எழும்பியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். எடுப்பதென்றால் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்து எடுங்கள்.

சிக்கனசிகாமணி

சரி, நானே ஒரு உண்மையை ஒத்துக்கொள்கிறேன். ஒரு கல்யாண வரவேற்புக்கு வாடகைக்கு எடுத்த கோட்டின் உள்பையில் வேறு யாரோ வைத்த வாழ்த்து அட்டை இருந்தது. அதைவிட மோசம், முதல் நாள் மாலைதான் எடுத்து வந்தேன், வீட்டில் போட்டுப் பார்த்தால் பேண்ட் வேறு யாருடைய அளவோ. கடை பூட்டியாகிவிட்டது. ஊக்கு நாலு குத்திக்கொண்டு ராத்திரி முழுக்க நின்றே சமாளித்தேன். ஆனாலும் வாடகைதான் என் கட்சி. இரண்டு நாள் முன்னதாக எடுத்து, வீட்டில் முழுசாகப் போட்டுப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

பழையசட்டை

இந்த உடை எப்படி வந்தது தெரியுமா? முன்பெல்லாம் ராத்திரி விருந்து என்றால் பின்னால் வால் தொங்கும் நீளக் கோட்தான். வேல்ஸ் இளவரசராக இருந்த பின்னாள் ஏழாம் எட்வர்டுக்கு வீட்டு விருந்தில் வசதியாக உட்கார வேண்டும் என்று தோன்ற, லண்டனில் தையல்காரர்களுக்குப் பேர்போன சாவில் ரோ தெருவில் இருக்கும் ஹென்றி பூல் நிறுவனம் 1865-ல் வால் இல்லாத குட்டைக் கோட் ஒன்று தைத்துக் கொடுத்தது என்று அந்த நிறுவனமே சொல்கிறது. அது கடல் தாண்டி நியூயார்க் மாநிலத்தில் டக்சீடோ பார்க் என்ற இடத்தின் பணக்காரர் மன்றத்துக்குப் போனது. மன்றம் தொடங்கியது 1886-ல். இந்த உடைக்கு டக்சீடோ என்ற பெயர் அங்கிருந்து ஒட்டிக்கொண்டதுதான். ஆக, இன்று நாம் விறைப்பான உடை என்று பயப்படுவது அன்றைக்கு ஆசுவாசமாக இருக்கத் தைத்த உடை!

இடுப்பில் கட்டும் கம்மர்பண்டும் அப்படித்தான். பாரசீகத்தில் கமர் என்றால் இடுப்பு, பந்த் என்றால் கட்டு. வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகள் இந்தியாவில் பார்த்து எடுத்துக்கொண்டது. அதன் மடிப்புகள் மேல்நோக்கித் திறந்திருக்க வேண்டும். நாடகச் சீட்டைச் செருகி வைக்க வசதி என்று காரணம் சொல்வார்கள்.

கடைசிபெஞ்ச்

அண்ணே, கதை அருமை. ஆனால் இருபத்துநாலு நாள்தான் இருக்கிறது :) அந்தக் கம்மர்பண்ட் கட்டாயமா?

பழையசட்டை

மன்னிக்கவும், பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. கம்மர்பண்ட், அல்லது முன்பக்கம் தாழ வெட்டிய வெயிஸ்ட்கோட், இரண்டில் ஒன்று. இரண்டையும் சேர்த்துப் போடுவதில்லை. பேண்ட் இடுப்பும் சட்டையும் சேரும் இடத்தை மறைப்பதுதான் அதன் வேலை. இரட்டை வரிசைப் பொத்தான் கோட் என்றால் எப்போதும் பூட்டியே இருக்கும், இரண்டுமே வேண்டாம். பெல்ட் மட்டும் எந்தக் காரணத்துக்கும் கூடாது.

நிறத்துக்கு என் ஓட்டு நள்ளிரவு நீலம். மின்விளக்கு வெளிச்சத்தில் கறுப்புத் துணி சில சமயம் பச்சை ஓடின மாதிரி வெளிறித் தெரியும். நள்ளிரவு நீலம்தான் அப்போது கறுப்பைவிடக் கறுப்பாக நிற்கும். பிரிட்டிஷ் அரியணையைத் துறந்த எட்டாம் எட்வர்டு, அதாவது விண்ட்சர் கோமகன், இதைப் பிரபலமாக்கினார்.

ஊசிமுனை

நீலம் நல்லதுதான், ஆனால் அவசரத்தில் கிடைக்காது. கோட் ஒரு நீலம், பேண்ட் ஒரு நீலம் என்று மாட்டிக்கொள்ளவும் வாய்ப்பு இருக்கிறது. அவருக்கு இப்போது கறுப்பே போதும். மார்பு மடிப்பு மேல்நோக்கிக் கூராக இருக்கலாம், இல்லையென்றால் சால்வை மாதிரி வளைந்து வரலாம். சாதாரண ஆபீஸ் சூட்டில் வரும் வெட்டு மடிப்பு இந்த உடையில் எடுபடாது.

பழையசட்டை

வெட்டு மடிப்பு வைத்த டக்சீடோ இப்போது எல்லாக் கடையிலும் தொங்குகிறதே?

ஊசிமுனை

தொங்குகிறது, அதே அச்சில் ஆபீஸ் சூட்டையும் வெட்டித் தள்ளிவிடலாம் என்பதால். விற்கிறார்கள் என்பதற்காகச் சரியாகிவிடாது. போனால் யாரும் வெளியே அனுப்பப் போவதில்லை. எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

கடையில் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். தோள்பட்டை முதலில். கோட்டின் தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடிகிற இடத்தில் முடிய வேண்டும். சுவரில் பக்கவாட்டாகச் சாய்ந்து பாருங்கள். உங்கள் கை சுவரில் படும் முன்னாலேயே கோட்டின் தோள் திண்டு முட்டி மடிந்தால் கோட் பெரிசு. தோளைத் திருத்துவது கோட்டையே பிரித்துக் கட்டுகிற வேலை, கூலிக்குக் கட்டாது. இடுப்பைப் பிடிப்பது, கை நீளம் குறைப்பது, பேண்ட் உயரம் இதெல்லாம் எளிது. கை ஓரத்துப் பொத்தான்களுக்கு நிஜமான பொத்தான் துளை வெட்டியிருந்தால் மட்டும் கையைக் கீழிருந்து குறைக்க முடியாது, தோளிலிருந்து குறைக்க வேண்டிவரும். கவனம். கையைத் தொங்கவிட்டால் சட்டையின் ஓரம் ஒரு சென்டிமீட்டர் சுமாருக்கு வெளியே தெரிய வேண்டும்.

துணியைப் பொறுத்தவரை கம்பளி கலந்ததாவது எடுங்கள். முழு பாலியெஸ்டர் போட்டோ ஃபிளாஷில் பளபளக்கும், வியர்வையையும் வெளியே விடாது. சூப்பர் 100, சூப்பர் 150 என்று விற்பனையாளர் அடுக்குவார். அது கம்பளி இழை எவ்வளவு மெல்லியது என்ற கணக்கு. 100 என்றால் இழையின் தடிமன் 18.75 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 120 என்றால் 17.75. எண் ஏற ஏற இழை மெலியும், சீக்கிரம் கசங்கும். எப்போதோ ஒரு தடவை போடுகிறவருக்கு 100, 110 தாராளம். பெரிய எண்ணுக்குப் பெரிய விலை கொடுக்காதீர்கள்.

கடைசிபெஞ்ச்

வணக்கம். இது கடைசிபெஞ்ச் இல்லை, அவர் மனைவி. அவர் கணக்கிலேயே எழுதுகிறேன்.

முதலிலிருந்து எல்லாவற்றையும் படித்தேன். விருது எனக்கு. பேசியிருப்பது முழுக்க அவர் கோட்டைப் பற்றி. என்னைப் பற்றி வந்தது "மனைவி ஏற்கெனவே ஒரு கவுனைப் பார்த்து வைத்திருக்கிறார்" என்ற ஒரே வரி!

பார்த்து வைத்ததோடு சரி, இன்னும் வாங்கவில்லை. இணையத்தில் பார்த்தது. மரகதப் பச்சை சாட்டின், தரை வரை நீளம், முதுகு பாதி திறந்தது, தோளில் மெல்லிய பட்டி. துணியைக் கிராஸில் வெட்டியது என்று போட்டிருக்கிறது. அளவு அட்டவணைப்படி மார்புக்கு ஒரு அளவு, இடுப்புக்கு ஒன்று, அதற்குக் கீழே இன்னொன்று வருகிறது. எதை எடுப்பது? சாட்டின் என்றால் பட்டுதானே?

நிலாவெளிச்சம்

அக்கா, முதலில் வாழ்த்துகள்! இத்தனை பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை பாருங்கள்.

நான் மேடை நிகழ்ச்சிகள் தொகுத்து வழங்குகிறவள். கவுன் எனக்கு வேலை உடை மாதிரி, பட்ட பாடும் நிறைய. அளவு மூன்றும் மூன்று விதமாக வந்தால் பெரியதையே எடுங்கள். பிடிப்பது எளிது, இல்லாத துணியைக் கொண்டுவர முடியாது. கடைக்குக் கடை எண் மாறும் என்பதால், எண்ணைப் பார்த்து மனசு வாட வேண்டாம். அந்தச் சீட்டை வெட்டி எறிந்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

சாட்டின் என்பது நெய்கிற முறை. பட்டிலும் நெய்யலாம், பாலியெஸ்டரிலும் நெய்யலாம். துணி விவரத்தில் எந்த நூல் என்று பாருங்கள். பட்டு உடம்புக்கு இதமாக இருக்கும், ஆனால் ஒரு துளி தண்ணீர் பட்டால் வட்டமாகக் கறை நிற்கலாம். சாட்டினில் வியர்வை ஈரம் உடனே தெரியும். நிறம் அடர்த்தியாக இருந்தால் கொஞ்சம் மறையும், உங்கள் பச்சை பரவாயில்லை. வெளிர் சாம்பலில் சாட்டின் வாங்கிவிட்டு ஒரு நிகழ்ச்சி முழுக்கக் கையை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டே மைக் பிடித்தவள் நான்.

உள்ளாடைக் கணக்கைக் கவுன் வாங்கும்போதே போட வேண்டும். முதுகு திறந்த கவுனுக்கு என்ன போடப் போகிறீர்கள் என்று யோசிக்காமல் வாங்கி, கடைசி நாள் ஓடுகிறவர்கள்தான் அதிகம். கவுனுக்குள்ளேயே மார்புக் கிண்ணங்களைத் தைத்துவிடச் சொல்லுங்கள், தலைவலி தீரும். உள்ளே போடுவது தோல் நிறத்தில் இருக்கட்டும், தையல் கோடு இல்லாததாக. சாட்டின் எதையும் மறைக்காது, கோடு கோடாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஊசிமுனை

தங்கச்சி சொன்னது சரி. அம்மா, கிராஸ் வெட்டைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். நெசவுக்கு 45 டிகிரி சாய்த்து வெட்டினால் துணி இழுபட்டு உடம்போடு வழிந்து விழும். 1920-களில் பாரிஸில் மாதலீன் வியோனே இதை ஒரு கலையாகவே ஆக்கிக் காட்டினார். அழகு அதில்தான், சிக்கலும் அதில்தான். அந்தத் துணி தன் எடையிலேயே கீழே இறங்கும். அதனால் கவுன் வந்ததும் ஒரு முழு நாளாவது ஹேங்கரில் தொங்கவிடுங்கள். அதற்குப் பிறகே அடி ஓரத்தை அளந்து மடித்துத் தைக்க வேண்டும். தொங்கவிடாமல் தைத்தால் விழாவன்று ஒரு பக்கம் இறங்கி, ஒரு பக்கம் ஏறி நிற்கும். உங்கள் டெய்லர் இதைக் கேட்டு முழித்தால் வேறு டெய்லரைப் பாருங்கள்.

அன்றைக்குப் போடப்போகிற செருப்போடுதான் அளவு கொடுக்க வேண்டும். முன்பக்கம் தரையைத் தொடாமல் ஓரிரு சென்டிமீட்டர் மேலே நிற்கட்டும். குதிகாலை அப்புறம் மாற்றினால் எல்லாம் போச்சு.

கடைசிபெஞ்ச்

(மனைவிதான்) மிக்க நன்றி. ஆர்டர் போட்டுவிட்டேன். மாற்றாக ஒரு கறுப்பு முழங்கால் நீள உடை வீட்டில் இருக்கிறது. வரவில்லை என்றால் அது ஆகுமா?

பழையசட்டை

ஆகும், அம்மா. இந்த வகை விழாவுக்கு நீளக் கவுன்தான் முதல் தேர்வு, ஆனால் நல்ல துணியில் குட்டைக் கறுப்பு உடையையும் ஏற்றுக்கொள்வார்கள். 1926 அக்டோபரில் அமெரிக்க வோக் என்ற ஃபேஷன் இதழ், பாரிஸ் உடை வடிவமைப்பாளர் சனேலின் எளிமையான கறுப்பு உடை ஒன்றை வரைந்து வெளியிட்டு, அதை ஃபோர்டு காருக்கு ஒப்பிட்டது. எல்லாருக்கும் போய்ச் சேரும் என்ற பொருளில். சரியாகத்தான் கணித்தார்கள். நோபல் விருந்து மாதிரி, பிளாக் டையைவிடவும் கண்டிப்பான வெள்ளை டை விழா என்றால்தான் முழு நீளம் கட்டாயம். அங்கும்கூட அவரவர் நாட்டுப் பாரம்பரிய உடையை அனுமதிக்கிறார்கள்.

சிக்கனசிகாமணி

கவுனுக்கும் வாடகை உண்டு என்று சொல்ல வந்தேன். ஆர்டர் போட்டாகிவிட்டது, வாயை மூடிக்கொள்கிறேன்.

கடைசிபெஞ்ச்

(இப்போது நான்தான்) பத்து நாள் கழித்து நிலவரம். இரண்டு கடையில் ஏறி இறங்கினேன். முதல் கடையில் வாடகைக் கோட் மூன்று போட்டுப் பார்த்தேன். ஊசிமுனை அண்ணன் சொன்ன சுவர்ச் சோதனையில் மூன்றும் தோற்றன. கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இரண்டாவதில் கறுப்பு, சால்வை மடிப்பு, தோள் கச்சிதம். வாங்கிவிட்டேன். இடுப்பு பிடிக்கவும் பேண்ட் குறைக்கவும் கொடுத்திருக்கிறேன். போ டை மட்டும், முடிச்சுப் போட்டு ரெடியாக வருகிறதே, அதை வாங்கட்டுமா? யூடியூப் பார்த்து ஒரு மணி நேரம் கட்டிப் பார்த்தேன். பொட்டலம் கட்டின மாதிரி வருகிறது.

கவுனும் வந்துவிட்டது. மார்பிலும் இடுப்பிலும் தளர்ச்சி, மற்ற இடம் சரி. இப்போது வீட்டுக் கதவில் தொங்குகிறது. அந்தப் பக்கம் யாரும் காபி டம்ளரோடு போகக்கூடாது என்று உத்தரவு.

பழையசட்டை

கையால் கட்டுவதுதான் அழகு. கொஞ்சம் கோணலாக இருந்தால்தான் கட்டியது தெரியும். தொடையில் வைத்துப் பழகுங்கள். ஷூ கயிற்றில் போடுகிற அதே பூ முடிச்சுதான்.

நிலாவெளிச்சம்

ரெடிமேட் வாங்குங்கள் அண்ணா. அன்று அக்காவின் ஜிப்பை ஏற்றிவிட உங்கள் இரண்டு கையும் வேண்டும்.

அக்காவுக்கு இன்னும் சில. டெய்லரிடம் நிற்கும்போது நிமிர்ந்து நின்று மட்டும் பார்க்காதீர்கள். உட்காருங்கள், கையைத் தூக்குங்கள், மேடைப் படி ஏறுவது போல ஏறுங்கள், விருது வாங்க முன்னால் குனியுங்கள். கழிப்பறைக்கு எப்படிப் போவது என்பதையும் வீட்டில் ஒரு தடவை ஒத்திகை பார்த்துவிடுங்கள், சிரிக்காதீர்கள். அப்புறம் இருட்டு அறையில் ஃபிளாஷ் போட்டு ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் தெரியாதது கேமராவில் தெரியும். வாசனைத் திரவியத்தைக் கவுன் போடுவதற்கு முன்பே அடித்துக் காயவிடுங்கள், மேலே அடித்தால் சாட்டினில் கறை விழும். கைப்பைக்குள் இரண்டு ஊக்கு, இரட்டைப் பக்க ஒட்டு நாடா, அதே பச்சையில் நூல் கோத்த ஊசி.

நல்லவேளை சம்கி வேலை செய்த கவுன் எடுக்கவில்லை. அதை ஆல்டர் பண்ண ஒவ்வொரு சம்கியாகப் பிரித்து மறுபடி கையால் கோக்க வேண்டும். கை உரசுகிற இடத்தில் தோலையும் பிராண்டிவிடும்.

கடைசிபெஞ்ச்

நேற்று விழா முடிந்தது. நடந்ததைச் சொல்கிறேன்.

கவுன் பிரமாதம். நாலு பேர் எங்கே தைத்தது என்று கேட்டார்கள். அடி ஓரம் ஒரு நூல்கூட ஏற்ற இறக்கம் இல்லை. படி ஏறும்போது இடது கையால் லேசாகத் தூக்கிக்கொண்டார், வீட்டில் பழகினதுதான். ஊசியும் நூலும் எங்களுக்குத் தேவைப்படவில்லை. பக்கத்து மேசையில் ஒரு பெண்மணிக்குப் பட்டி அறுந்தது, அவருக்கு உதவியது.

சொதப்பியது நான். கோட்டின் பின் பிளவில் வெள்ளை நூலில் பெருக்கல் குறி மாதிரி ஒரு தையல் இருந்தது. அதை ஏதோ அலங்காரம் என்று நினைத்து விட்டுவிட்டேன். விருந்தில் பரிமாறிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் குனிந்து, "ஐயா, அந்த நூலை வெட்டிவிடட்டுமா?" என்று காதில் கேட்டார். பழச்சீவல் கத்தியாலேயே நாசூக்காக வெட்டிவிட்டார். மனைவி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார், சிரிப்பில் புரையேறிவிட்டது. கவுனில் தண்ணீர் படாமல் நாப்கின் காப்பாற்றியது. பையில் கைவிடப் போனால் அதுவும் தைத்தே இருந்தது!

ஊசிமுனை

அடடா, தப்பு என்னுடையது. சொல்லாமல் விட்டேன். கடையில் தொங்கும்போது உருக்குலையாமல் இருக்கப் போடும் தற்காலிகத் தையல் அது. பின் பிளவு, பைகள், சில கோட்டில் தோள் மேலும் இருக்கும். கை ஓரத்தில் கம்பெனிச் சீட்டு தைத்திருந்தால் அதையும் எடுக்க வேண்டும். எடுத்தீர்களா?

கடைசிபெஞ்ச்

...இப்போதுதான் போய்ப் பார்த்தேன். இருக்கிறது. போட்டோ எல்லாவற்றிலும் இருக்கிறது.

நிலாவெளிச்சம்

ஹாஹா. அக்கா, கவுனை உடனே டிரை கிளீனிங் கொடுத்துவிடுங்கள். வியர்வையும் சிந்தின பானமும் இப்போது கண்ணுக்குத் தெரியாது, சில மாதத்தில் மஞ்சளாகக் கிளம்பும். வாங்கி வந்ததும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டுப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். கிராஸ் வெட்டு என்பதால் ஹேங்கரில் மாதக்கணக்கில் தொங்க வேண்டாம், மடித்துப் பெட்டியில் வைப்பதே நல்லது.

சிக்கனசிகாமணி

அம்மா, தப்பாக நினைக்காதீர்கள். அந்தக் கவுன் என்ன அளவு? அடுத்த மாதம் என் தங்கைக்கு ஒரு விழா இருக்கிறது. வாடகை தந்துவிடுகிறேன்.

கடைசிபெஞ்ச்

(மனைவி) வாடகை வேண்டாம் அண்ணா. போடப்போகிற செருப்போடு வரச் சொல்லுங்கள்.